வக்கீலும் தவக்குலும் ஒரு தாய் மக்கள்: 'வ-க-ல' என்ற அரபி வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதியில் பெரியவர்களுக்கு அரபி இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், பிள்ளைகள் ஓதுவதைப் பார்த்துத் தாங்களும் படிக்க வந்த தாய்மார்கள் என்று பலரும் வருவார்கள். எந்த வேரைத் தொட்டாலும் கேள்வி வரும். இந்த வேரைத் தொட்டால் மட்டும் பாடம் முடிந்த பிறகும் யாரும் எழுந்து போவதில்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாசிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. அரபிச் சொற்களில் ஒற்றைக் ககரம் வந்தால் 'கடல்' என்பதன் முதலெழுத்துப் போல வல்லோசையாகவே வாசியுங்கள். 'பகல்' என்பதில் வருவது போல மெலிக்க வேண்டாம். 'க்க' என்று எழுதியிருந்தால் அரபியிலேயே அங்கே ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி) இருக்கிறது என்று பொருள்.

வக்கீல் என்பது உண்மையிலேயே அரபிச் சொல்லா?

ஆம். அரபியில் அது வகீல். பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து, அரசாங்க மொழியாக ஊர் ஊராகப் பரவியது. வந்த புதிதில் அதற்கும் நீதிமன்றத்துக்கும் பெரிய உறவு இல்லை. முகலாய அரசில் வக்கீல் என்பது பேரரசருக்கு அடுத்த பதவி. அக்பர் 1556-இல் சிறுவனாக அரியணை ஏறியபோது அந்தப் பதவியில் இருந்து 1560 வரை ஆட்சியை நடத்தியவர் பைராம் கான். ஓர் அரசர் இன்னோர் அரசரிடம் பேச அனுப்பும் தூதருக்கும் வக்கீல் என்றே பெயர். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்துப் போர் முடிந்து திப்பு சுல்தான் தம் இரு மகன்களைப் பிணையாகக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் கார்ன்வாலிஸ் கையில் ஒப்படைத்தவர் திப்புவின் வக்கீலான குலாம் அலி.

பிரிட்டிஷ் காலத்து நீதிமன்றங்களில் பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்று பல தரம் இருந்தன. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. சட்டத்தில் 'வக்கீல்' போய்விட்டது; மக்கள் வாயில் அப்படியே இருக்கிறது.

மலேசியத் தமிழர்களுக்கு இது இன்னும் பழக்கமான சொல். அங்கே மக்கள் பிரதிநிதிக்கு மலாயில் 'வாகில் ராக்யாட்'. துருக்கியில் நாடாளுமன்ற உறுப்பினர் 'மில்லெத்வெகிலி'. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் வழக்கறிஞர் 'வகிலி'. எல்லாம் ஒரே ஆள்தான், உடை மட்டும் வேறு.

'வக்காலத்து வாங்குவது' என்கிறோமே, அதுவும் இதிலிருந்து வந்ததா?

அதே வேர்தான். அரபியில் வகாலா; பிரதிநிதியாக நிற்கும் பொறுப்பு, அல்லது அந்தப் பொறுப்பைக் கொடுப்பது. சொல்லின் கடைசியில் இருப்பது வட்டத் தா. நிறுத்திச் சொன்னால் அது 'வகாலா' என்று அடங்கிவிடும். தொடர்ந்து சொன்னால் 'வகாலது' என்று தகரம் வெளியே வரும். பாரசீகம் பல சொற்களில் அந்தத் தகரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஜமாஅத், அதாலத், வகாலத் எல்லாம் அப்படி வந்தவை. தமிழ் அதன் மேல் ஓர் உகரத்தை ஏற்றி 'வக்காலத்து' ஆக்கியது. கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாளை 'வக்காலத்து நாமா' என்பார்கள். நாமா என்பது பாரசீகத்தில் எழுத்து, பத்திரம்.

நீதிமன்றத்துக்குள் வக்காலத்து வாங்குவது தொழில். வெளியே, 'அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குறே?' என்றால் சண்டை. கேட்காமலே இன்னொருவர் சார்பில் பேசுவதைக் குறிக்கத் தமிழ் இந்த அரபிச் சொல்லை எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அரபியில் வகாலாவுக்கு முதல் நிபந்தனையே ஒருவர் கேட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான்.

அரபியில் ஒற்றைக் ககரம், தமிழில் ஏன் இரட்டை?

தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் ஓசை மெலிந்துவிடும். 'வகீல்' என்று எழுதினால் 'அகில்' போல வாசித்துவிடுவோம். வல்லோசையைக் காப்பாற்றத் தமிழ் ககரத்தை இரட்டித்தது. தமிழுக்குள் அது சரியான வழி. அரபி படிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் அரபியில் ககரம் இரட்டித்தால் வாய்பாடே, அதாவது வேரின் எழுத்துகளை வார்க்கும் அச்சே, மாறும். வகல என்பது ஒரு வினை. வக்கல என்பது வேறு வினை.

இந்த வேரின் அடிப்படைப் பொருள் என்ன?

வாவ், காஃப், லாம் என்ற மூன்று எழுத்துகள். நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டின் அகராதி அறிஞர் இப்னு ஃபாரிஸ், வேர்களின் கருப்பொருளைத் தேடுவதையே வேலையாக வைத்திருந்தவர். இந்த வேருக்கு அவர் சொன்ன பொருள்: உன் காரியத்தில் நீ இன்னொருவரைச் சார்ந்து நிற்பது. இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வகீல், வகாலா, தவக்குல் (இறைவனை நம்பிப் பொறுப்பை விடுவது) எல்லாம் இதற்குள் அடங்கும்.

பழைய அகராதிகளில் இதே வேரிலிருந்து விகால் என்று ஒரு சொல் இருக்கிறது. கூட்டமாகப் போகும் கால்நடைகளில் ஒன்று மட்டும் எப்போதும் பின்தங்கி, மற்றவை நடந்தால்தான் தானும் நடக்கும். அந்தக் குணத்துக்கு விகால் என்று பெயர். அதுபோல, தன் வேலையைத் தானே பார்க்காமல் எதற்கும் அடுத்தவரை எதிர்பார்க்கும் மனிதரை வுகலா என்றும் துகலா என்றும் சொன்னார்கள். ஆக, சார்ந்து நிற்பதில் அழகானதும் உண்டு, அசிங்கமானதும் உண்டு. இந்த வேர் இரண்டையும் சுமக்கிறது. எது எது என்பதை வாய்பாடுதான் பிரித்துக் காட்டும். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது அதைத்தான்.

முதல் வாய்பாட்டில் வினை எப்படி வரும்? வாவ் ஏன் காணாமல் போகிறது?

இறந்தகாலம் (மாளீ) வகல: ஒப்படைத்தான், விட்டுவிட்டான். நிகழ்கால எதிர்கால வினை (முளாரிஃ) யகிலு. கணக்குப்படி 'யவ்கிலு' என்று வர வேண்டும். வாவ் முதலெழுத்தாக இருக்கும் வினைக்கு மிஸால் என்று பெயர். அத்தகைய வினையில் யாவுக்கும் கஸ்ராவுக்கும் (இகர ஓசைக்கும்) நடுவே மாட்டிக்கொள்ளும் வாவ் நாக்குக்குப் பாரம் என்று அரபிகள் உதறிவிட்டார்கள். வஅத (வாக்களித்தான்) யஇது ஆவதும், வஜத (கண்டான்) யஜிது ஆவதும் இதனால்தான்.

செயப்பாட்டு வினையில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே இகரமும் இல்லை. அதனால் போன வாவ் திரும்பி வந்து யூகலு என்று உட்கார்ந்துகொள்ளும். மாணவர்கள் இதைக் கண்டுபிடிக்கும் நிமிடம் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏவல் (அம்ர்) வெறும் கில். 'ஒப்படை' என்று பொருள். இதை குல் என்பதோடு குழப்ப வேண்டாம். அது அகல என்ற வேறு வினையிலிருந்து வருவது, 'சாப்பிடு' என்று பொருள். மஸ்தர், அதாவது தொழிற்பெயர், வக்ல், வுகூல்.

இந்த வினையோடு 'இலா' என்ற இடைச்சொல் வரும்: வகல அம்ரஹு இலைஹி, தன் காரியத்தை அவரிடம் விட்டான். இடைச்சொல்லையும் வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வகல என்றால் இலா, தவக்கல என்றால் அலா. இதை மாற்றிப் போட்டால் வாக்கியம் நொண்டும்.

வகீல் என்பது ஒப்படைப்பவரா, ஒப்படைக்கப்பட்டவரா?

ஒப்படைக்கப்பட்டவர். ஃபஈல் என்ற வாய்பாடு இரண்டு முகம் கொண்டது. ரஹீம், அலீம் போன்றவற்றில் அது செய்பவரைக் காட்டும். கதீல் (கொல்லப்பட்டவர்), ஜரீஹ் (காயம்பட்டவர்) போன்றவற்றில் செய்யப்பட்டவரைக் காட்டும். வகீல் இரண்டாவது வகை: காரியம் யாரிடம் விடப்பட்டதோ அவர்.

பன்மை வுகலாஃ. பெண்பாலுக்கு இன்று வகீலா என்கிறார்கள். ஆனால் பழைய அகராதிகள், வகீல் என்ற இதே சொல் பெண்ணுக்கும் பலருக்கும்கூட வரலாம் என்று குறித்து வைத்திருக்கின்றன. செய்யப்பட்டவரைக் காட்டும் ஃபஈலுக்கு அது இயல்பு.

சவூதியில் கொடுத்த ஒரு தாளில் தவ்கீல், முவக்கில், வகீல் எல்லாம் இருக்கின்றன. யார் யார்?

இது இரண்டாம் வாய்பாடு. நடு எழுத்து இரட்டிக்கும்: வக்கல, யுவக்கிலு, தவ்கீல். 'ஒருவரை வகீலாக்கினான்' என்று பொருள். நம் ஊரில் 'பவர் கொடுத்தேன்' என்பதற்கு நேரான அரபி இதுதான். பவர் கொடுப்பவர் முவக்கில். வாங்கி நடத்துபவர் வகீல், அல்லது முவக்கல். இகரமா அகரமா என்பதில்தான் எஜமானும் பிரதிநிதியும் பிரிகிறார்கள்.

வகுப்புக்கு ஒருவர் தம் பழைய பத்திரத்தைக் கொண்டுவந்தார். பல வருடம் அங்கே லாரி ஓட்டியவர். அரபியில் வழக்கமாக ஹரகத் (உயிரோசைக் குறி) போடாமல் எழுதுவார்கள் என்பதால் முவக்கில், முவக்கல் இரண்டும் தாளில் ஒரே மாதிரி, மீம்-வாவ்-காஃப்-லாம் என்று நான்கு எழுத்தாகக் கிடந்தன. எந்த இடத்தில் தம் பெயர் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். அந்தத் தாள் 'வகாலா காஸ்ஸா' என்றும் சொன்னது: குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கான பவர். 'வகாலா ஆம்மா' என்றிருந்தால் பொது பவர். கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு சொல்லையாவது படித்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். காஸ்ஸாவும் ஆம்மாவும் ஒன்றல்ல.

குர்ஆனில் இந்த இரண்டாம் வாய்பாடு இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று, உயிரைக் கைப்பற்றும் வானவரைப் பற்றியது: 'அல்லதீ வுக்கில பிகும்', உங்கள் விஷயத்தில் பொறுப்பாக்கப்பட்ட அவர் (32:11). வுக்கில என்பது செயப்பாட்டு வினை. பொறுப்புக் கொடுத்தவன் யார் என்று சொல்லத் தேவையே இல்லை.

இஸ்லாமியச் சட்டத்தில் வகாலா என்றால்?

1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட உஸ்மானியர் சட்டமான மஜல்லா, 1449-ஆம் பிரிவில் இப்படி வரையறுக்கிறது: ஒருவர் தம் வேலையை மற்றொருவரிடம் ஒப்படைத்து, அந்த வேலையில் அவரைத் தம் இடத்தில் நிறுத்துவது. ஒப்படைப்பதற்கு அங்கே வரும் சொல் தஃப்வீள். சவூதியில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்னொருவர் வண்டியை ஓட்ட வாங்கும் அனுமதிக்கு அங்கே அந்தப் பெயர்தான்.

வகீல் கையில் இருக்கும் பொருள் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அவர் அலட்சியம் செய்யாமலும் எல்லை மீறாமலும் இருந்து பொருள் கெட்டுப்போனால் அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை.

இதற்கு அறிஞர்கள் எடுத்துக்காட்டும் சம்பவம் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) உர்வா அல்பாரிகியிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அதில் இரண்டு ஆடு வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். திரும்பி வரும்போது கையில் ஆடும் இருந்தது, தீனாரும் இருந்தது. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் (அருள்வளம்) வேண்டி நபியவர்கள் துஆ செய்தார்கள். அப்புறம் அவர் மண்ணை வாங்கினாலும் லாபம் கண்டிருப்பார் என்று அறிவிப்பாளர் சொல்கிறார்.

செய்திகளிலும் கடைப் பலகைகளிலும் வகாலா என்று வருகிறதே?

அங்கே அது முகமை, ஏஜென்சி. செய்தி நிறுவனம் வகாலத் அன்பாஃ. அமீரகத்துச் செய்தி நிறுவனத்தை 'வாம்' என்பார்களே, அதன் முதலெழுத்து இந்த வகாலாதான். நாசாவும் அரபியில் வகாலத் நாஸா. பயண முகவர் கடையும் வகாலா.

கெய்ரோவில் இது ஒரு கட்டடத்தின் பெயர். வெளியூர் வியாபாரிகளும் அவர்களின் முகவர்களும் சரக்கை இறக்கி வைத்துத் தங்கி விற்ற பெரிய சத்திரங்களை விகாலா என்றார்கள் (வாவுக்கு அகரம், இகரம் இரண்டும் செல்லும்). சுல்தான் அல்கூரி 1504-05-இல் கட்டிய விகாலா இன்றும் நிற்கிறது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அடுக்கடுக்காக அறைகள்.

தவக்குலா, தவக்கலா, தவாகுலா? எது சரி?

மூன்றும் சரியான அரபிச் சொற்கள். மூன்றுக்கும் பொருள் வேறு. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஐந்தாம் வாய்பாட்டில் முன்னால் ஒரு 'த' சேரும், நடு எழுத்து இரட்டிக்கும்: தவக்கல, யதவக்கலு. இதன் மஸ்தர் தவக்குல், உகரத்தோடு. 'தவக்கல்' என்றால் அது ஏவல்: 'நம்பிப் பொறுப்பை விடு!'. நம் மக்கள் பேச்சில் 'அல்லாஹ்மேல தவக்கல் வச்சுட்டேன்' என்பார்கள். மனசு சரி, மஸ்தர் மட்டும் தவக்குல். 'தவக்கல்து' என்றால் 'நான் பொறுப்பை விட்டேன்'. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஓதும் துஆவில் இருப்பது இதுதான்.

இரண்டாம் வாய்பாடு இன்னொருவரை வகீலாக்குவது. ஐந்தாவது பெரும்பாலும் அதன் எதிரொலி. அந்தச் செயல் செய்பவன்மேலேயே திரும்பும். கற்றுக்கொடுத்தான் அல்லம, கற்றுக்கொண்டான் தஅல்லம. அதுபோல தவக்கலவில் ஒருவன் தன்னையே, தன் நெஞ்சையே, ஒரு பொறுப்பாளரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறான். கற்றுக்கொள்வதைப் போல இதுவும் உழைப்புக் கேட்கிற செயல்.

ஆறாம் வாய்பாடு தவாகல, மஸ்தர் தவாகுல். ஷத்து போய், நெடில் வந்துவிட்டது. இந்த வாய்பாடு பலர் ஒருவருக்கொருவர் செய்வதைக் காட்டும். கூட்டத்தில் ஒருவன் மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று விட, மற்றவனும் இவன் பார்த்துக்கொள்வான் என்று விட, கடைசியில் வேலை கிடக்கும். அதுதான் தவாகுல். தெருக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்; நாற்பது வீடும் 'யாராவது சொல்லியிருப்பாங்க' என்று இருக்கும். அதற்கு அரபியில் தனியாக ஒரு வாய்பாடே இருக்கிறது.

மேடைகளில் ஆலிம்கள் 'தவக்குல் வேறு, தவாகுல் வேறு' என்று சொல்வது வெறும் ஓசை நயம் இல்லை. ஒன்றில் நடு எழுத்தை நாக்கு அழுத்துகிறது. மற்றதில் ஓசை இழுபட்டுப் போகிறது. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

இத்தகல என்ற சொல்லில் வாவே இல்லையே?

இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. எட்டாம் வாய்பாட்டில் முதலெழுத்துக்குப் பின்னால் ஒரு 'த' நுழையும். 'இவ்தகல' என்று வர வேண்டியது. வாவ் அந்தத் தகரத்துக்குள் கரைந்து இத்தகல ஆகிவிட்டது. முளாரிஃ யத்தகிலு, மஸ்தர் இத்திகால். சாய்ந்து உட்கார்ந்துவிடுவது என்று சொன்னால் பொருள் பிடிபடும்.

முஆத் (ரலி) அவர்களின் ஹதீஸில் இது அழகாக வருகிறது. அல்லாஹ்வுக்கு இணை வைக்காதவரை அவன் வேதனை செய்யமாட்டான் என்று நபியவர்கள் சொன்னதும், இந்த நற்செய்தியை மக்களுக்குச் சொல்லட்டுமா என்று முஆத் கேட்டார். சொல்ல வேண்டாம், 'ஃபயத்தகிலூ' என்றார்கள்: அப்புறம் அதன்மேலேயே சாய்ந்து இருந்துவிடுவார்கள். இங்கே தவக்கல என்ற வினை வந்திருக்கவே முடியாது. வேர் ஒன்று, வாய்பாடு மாறியதும் பாராட்டு எச்சரிக்கையாகிவிட்டது. இன்றைய அரபியில் இத்திகாலிய்யா என்றால் பிறர் முதுகில் ஏறி வாழும் குணம்.

வாவ் தாவாவது இந்த வேரில் மட்டும் நடப்பதில்லை. தக்வா (இறையச்சம்) என்பதன் முதலெழுத்தும் ஒரு காலத்து வாவ்தான், வேர் வ-க-ய. நான் மேலே சொன்ன துகலாவிலும் அதே கதை.

தவக்குல் என்றால் முயற்சி செய்யாமல் இருப்பதா?

இல்லை. இலக்கணமே இதற்குச் சாட்சி சொல்கிறது.

'ஃபஇதா அஸம்த ஃபதவக்கல் அலல்லாஹ்' (3:159). உஹதுப் போருக்குப் பின் இறங்கிய வசனங்களில் ஒன்று. இதற்கு முன்னால் 'ஷாவிர்ஹும்', அவர்களிடம் ஆலோசனை கேள் என்று வருகிறது. பிறகு 'நீ உறுதி செய்துவிட்டால்'. அதன் பின்தான் 'ஃப' என்ற ஒற்றை எழுத்து: 'அப்போது தவக்குல் வை'. கலந்து பேசுவது, முடிவெடுப்பது, தவக்குல் என்று வரிசை. அந்த ஃபாவைத் தாண்டி முன்னால் குதிக்க முடியாது.

யஃகூப் (அலை) தம் மக்களை எகிப்துக்கு அனுப்பும்போது, எல்லோரும் ஒரே வாசலில் நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல்களில் நுழையுங்கள் என்றார்கள். தகப்பனின் முன்னேற்பாடு. அதே வசனத்தில், அதே மூச்சில், 'அலைஹி தவக்கல்து' (12:67). 'தவக்கல்து அலைஹி' என்று இயல்பாக வர வேண்டியதில் 'அலைஹி' முன்னால் வந்துவிட்டது. அரபியில் இப்படி முன்னால் தூக்கி வைத்தால் 'மட்டும்' என்ற பொருள் ஏறும்: அவன்மீது மட்டுமே. வாசல்களைப் பிரித்துச் சொன்னார். நம்பிக்கையை வாசல்கள்மேல் வைக்கவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டா என்று கேட்டவரிடம் நபியவர்கள் சொன்னதாகத் திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் வரும் பதில் இரண்டே ஏவல்: 'இஃகில்ஹா, வதவக்கல்'. அதைக் கட்டு, தவக்குல் வை. ஒட்டகத்தின் மடக்கிய முன்காலைக் கட்டும் கயிறு இகால். வளைகுடா ஆண்கள் தலைத்துணிமேல் வைக்கும் கறுப்பு வளையத்துக்கும் அதே பெயர். அறிவுக்கு அரபியில் சொல்லும் அக்ல் என்ற சொல்லும் அதே வேர்தான். முதலில் வந்த ஏவல் கயிற்றையும் புத்தியையும் கையில் கொடுக்கிறது.

யமன் நாட்டிலிருந்து சிலர் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வருவார்களாம். 'நஹ்னுல் முதவக்கிலூன்', நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்பார்கள். மக்காவுக்கு வந்ததும் ஆட்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். 'வதஸவ்வதூ', வழிச்சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற வசனம் (2:197) இதற்காக இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாக புகாரியில் இருக்கிறது. அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ஐந்தாம் வாய்பாடு. செய்தது எட்டாம் வாய்பாடு.

குர்ஆனில் இந்த வேர் எத்தனை முறை வருகிறது?

70 இடங்களில். ஐந்தாம் வாய்பாட்டு வினையாக 40, வகீல் என்ற பெயராக 24, முதவக்கிலூன் அல்லது முதவக்கிலீன் என்று 4, இரண்டாம் வாய்பாட்டில் 2. முதல், ஆறாம், எட்டாம் வாய்பாடுகள் ஹதீஸிலும் பேச்சிலும் வருபவை.

வகீல் பிரதிநிதி என்றால், அல்லாஹ்வை எப்படி வகீல் என்பது?

நல்ல கேள்வி, பயந்து பயந்து கேட்பார்கள். மனிதர்களுக்குள் வகீல் என்பவர் முவக்கில் சொன்னதைச் செய்பவர். அல்லாஹ்வின் பெயராக வரும்போது அந்தக் கட்டுப்பாடு கழன்றுவிடும். காரியங்கள் எல்லாம் யார் பொறுப்பில் இருக்கின்றனவோ அவன், காப்பவன், போதுமானவன். 'ஹஸ்புனல்லாஹு வநிஃமல் வகீல்' (3:173) என்பதில் 'ஹஸ்புனா', நமக்குப் போதுமானவன் என்ற சொல் பக்கத்திலேயே நின்று பொருளைத் திறந்து காட்டுகிறது.

1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இந்த இடத்தில் நீதிமன்றத்தையே உவமையாக எடுத்தார்கள். வழக்கில் மாட்டிக்கொண்டவன் தன் வகீலிடம் நான்கு விஷயங்களைக் கண்டால்தான் நிம்மதியாகத் தூங்குவான்: விஷயம் தெரிந்திருக்க வேண்டும், தைரியம் வேண்டும், பேச்சு வேண்டும், தன்மேல் இரக்கம் வேண்டும். தவக்குலின் முதல் படி இதுபோன்ற நம்பிக்கை. இரண்டாவது, தாயைத் தவிர யாரையும் அறியாத குழந்தையின் நம்பிக்கை. மூன்றாவது, குளிப்பாட்டுபவர் கையில் மய்யித் (இறந்தவர் உடல்) கிடப்பது போல. கட்சிக்காரரையும் வக்கீலையும் நன்றாக அறிந்த தமிழ் வாசகருக்கு முதல் உவமை உடனே பிடிபடும்.

'வமா அன்த அலைஹிம் பிவகீல்' என்பதற்கு மொழிபெயர்ப்புகள் ஏன் வேறு வேறாக இருக்கின்றன?

இடைச்சொல்லால். வகீல் 'அன்' என்பதோடு வந்தால் ஒருவர் சார்பில் நிற்பவர். 'அலா' வந்தால் ஒருவர்மேல் பொறுப்பாக வைக்கப்பட்டவர், கண்காணிப்பவர். 6:107-இல் 'அலைஹிம்' இருக்கிறது. ஆகவே, நபியே, நீர் அவர்களுக்குப் பொறுப்பாளர் அல்லர் என்று பொருள். இதை 'வக்கீல் அல்லர்' என்று தமிழாக்கினால் வாசகர் வேறெங்கோ போய்விடுவார். 28:28-இல், மூஸா (அலை) ஒப்பந்தம் செய்யும் இடத்தில், 'நாம் பேசியதற்கு அல்லாஹ் வகீல்' என்று வருகிறது. அங்கே சாட்சி என்ற நிழல் விழுகிறது. ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் வைக்க நினைப்பவர்கள் இந்த வேரில் தோற்றுவிடுவார்கள்.

நிகாஹில் (திருமணத்தில்) வக்கீல், வலி, வளைகுடாவில் கஃபீல். என்ன வேறுபாடு?

வலி உறவால் பொறுப்புடையவர், பெரும்பாலும் பெண்ணின் தகப்பனார். வக்கீல் நியமனத்தால் வருபவர். பல ஊர்களில் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண் இருக்கும் அறை வாசல்வரை போய்ச் சம்மதம் கேட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கஃபீல் வேறு வேர், காஃப்-ஃபா-லாம், பிணை நிற்பவர். கொடுத்த கடனை வாங்கியவர் கட்டாவிட்டால் கஃபீல் கட்ட வேண்டும். வகீலுக்கு அந்தச் சுமை கிடையாது.

அகராதியில் முதவக்கிலை எங்கே தேடுவது?

மீமில் தேட வேண்டாம். முதவக்கில், தவ்கீல், இத்திகால் எல்லாம் வாவில், வ-க-ல என்ற வேரின் கீழ் இருக்கும். லிஸானுல் அரப் போன்ற பழைய பதிப்புகள் கடைசி எழுத்தால் அடுக்கப்பட்டவை. அங்கே லாம் பாகத்தில், வாவ் பிரிவில் பாருங்கள்.

பெயராக வைக்கலாமா?

அப்துல் வகீல் என்று நெடுங்காலமாக வைக்கிறார்கள். 847 முதல் 861 வரை ஆண்ட அப்பாஸியக் கலீஃபாவின் பட்டம் அல்முதவக்கில் அலல்லாஹ். ஸாமர்ராவின் சுருள் மினாரா அவர் காலத்தது. 2011-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட யமன் பெண்மணி தவக்குல் கர்மான். ஆக, மஸ்தரைப் பெண்ணுக்கும் வைக்கிறார்கள்.

முதல் வாய்பாடு வரும் துஆ ஒன்று சொல்லுங்கள், மனப்பாடம் செய்ய.

துன்பத்தில் இருப்பவர் ஓதுவதாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் வருவது: 'அல்லாஹும்ம ரஹ்மதக அர்ஜூ, ஃபலா தகில்னீ இலா நஃப்ஸீ தர்ஃபத அய்ன்'. யா அல்லாஹ், உன் ரஹ்மத்தையே (கருணையையே) எதிர்பார்க்கிறேன். கண் இமைக்கும் நேரம்கூட என்னை என்னிடமே விட்டுவிடாதே.

'தகில்னீ'யைப் பிரித்துப் பாருங்கள். முன்னிலைக்கு 'த'. வாவ் உதிர்ந்துவிட்டது. 'லா' என்ற விலக்கல் வந்ததால் கடைசி உகரமும் போய் லாம் ஸுகூனில் (உயிரோசை இல்லாமல்) நிற்கிறது. பின்னால் 'நீ', என்னை. அடுத்து, நான் முதலிலேயே சொன்ன 'இலா'. அதன் பின் யாரிடம் விட வேண்டாம் என்று கேட்கிறோமோ அந்த ஆள்: நஃப்ஸீ, நான்தான்.